பின்னால் திரும்பிப் பாருங்கள்: ஃப்ளை வீச்சைப் புல்தரையில் பழகுவது

கேள்வி: ஃப்ளை ராட், அதாவது செயற்கைப் பூச்சியைக் கட்டி மீன் பிடிக்கும் தூண்டில் கோல், வாங்கி ஒரு மாதம் ஆகிறது. சாதாரணத் தூண்டிலை நன்றாகவே வீசுவேன். இதிலோ லைன் என்னும் கனத்த தூண்டில் கயிறு காலடியிலேயே குவிந்து விழுகிறது. பலமாக வீசிப் பார்த்தால் சாட்டை சொடுக்குவது மாதிரி ஒரு சத்தம். இழுத்துப் பார்த்தால் நுனியில் கட்டிய ஃப்ளையைக் காணோம். தண்ணீருக்குப் போகாமல் தரையிலேயே இதைப் பழக முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

முடியும். சொல்லப்போனால் தரையில் பழகுவதுதான் சரி. தண்ணீர் ஓரம் நின்றால் கண் மீனைத் தேடும், மனம் அடுத்த வீச்சுக்கு அவசரப்படும், கை பழைய தப்பையே திரும்பத் திரும்பச் செய்யும். புல்தரையில் மீன் கிடையாது. லைன் என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்க்கலாம்.

நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளும் உங்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பவை. லைன் முன்னால் விழுவதால் தப்பும் முன்னால்தான் நடக்கிறது என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. நான் பலருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பின்வீச்சைக் கண்ணால் பார்க்கத் தொடங்கியவர்கள் சில நாளில் தேறிவிடுகிறார்கள். முன்னாலேயே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மாதக்கணக்கில் கையின் பலத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஆகவே இந்தப் பதில் முழுக்க ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: பின்னால் திரும்பிப் பார்ப்பது.

முதலில் இந்த வீச்சு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். சாதாரணத் தூண்டிலில் எடை நுனியில் இருக்கிறது. ஈயக்குண்டு பறந்து போகிறது. நைலான் நரம்பை அது தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை என்பது முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிக் கட்டிய பூச்சி உருவம், கிட்டத்தட்ட எடையே இல்லாதது. அதைத் தனியாக எறிந்தால் பத்தடி கூடப் போகாது. இங்கே எடை முழுவதும் லைனில்தான் இருக்கிறது. ஐந்தாம் எண் லைன் என்றால் அதன் முன்பகுதி 30 அடியின் எடை 140 கிரெய்ன், ஏறக்குறைய 9 கிராம். இந்த ஒன்பது கிராமும் ஒரே குண்டாக இல்லாமல் முப்பதடி நீளத்துக்குப் பரவிக் கிடக்கிறது. அது முழுதும் ஒரு நேர்கோடாக நீண்டிருந்தால்தான் நீங்கள் ராடை அசைத்ததும் எடை கையில் ஏறும், ராட் வளையும். தொய்ந்து கிடந்தால் கையசைவில் பாதி அந்தத் தொய்வை எடுப்பதற்கே செலவாகிவிடும்.

உங்கள் கேள்விக்கான விடை இதற்குள்ளேயே இருக்கிறது. பின்னால் போன லைன் நீண்டு முடிக்கும் முன் நீங்கள் கையை முன்னால் கொண்டுவந்தால் நுனி பாதி வழியில் வெட்டித் திரும்புகிறது. அந்தச் சொடுக்கு அங்கிருந்துதான் வருகிறது. ஃப்ளை அறுவதும் அதனால்தான். மாறாக, ராடைத் தரையை நோக்கி வெகுதூரம் பின்னால் சாய்த்துவிட்டால் லைனும் கீழ்நோக்கிப் போய்ப் புல்லில் விழுகிறது. அங்கிருந்து எவ்வளவு பலமாக இழுத்தாலும் அது ஒரு பெரிய வட்டமாக எழுந்து வந்து உங்கள் காலடியில்தான் குவியும்.

சரி, பழகுவதற்கு என்ன வேண்டும்? ஒன்பது அடி நீளமுள்ள, ஐந்தாம் அல்லது ஆறாம் எண் ராட், அதே எண்ணுள்ள மிதக்கும் லைன். முன்பகுதி கனமாகச் செய்த லைனாக இருந்தால் எளிது. உங்கள் ராடின் கைப்பிடிக்கு மேலே எழுதியிருக்கும் எண்ணும் லைன் பெட்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று இன்றைக்கே பாருங்கள். ஏழாம் எண் ராடில் நாலாம் எண் லைனைப் போட்டுக்கொண்டு தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். லைன் முனையில் ஏழரை முதல் ஒன்பது அடி வரை, போகப் போக மெலியும் நரம்பான லீடர் ஒன்றைக் கட்டுங்கள். லீடர் இல்லாமல் பழகினால் லைன் கடைசியில் படாரென்று மடங்கும், நுனியும் சீக்கிரம் தேயும். லீடரின் முனையில் முள்ளுக்குப் பதிலாக நல்ல நிறத்தில் கம்பளி நூல் குஞ்சம் ஒன்று, நகத்தளவுக்கு. புல்லில் பளிச்சென்று தெரியும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ நல்லது.

இடத்தைப் பொறுத்தவரை முன்னும் பின்னும் ஐம்பதடியாவது திறந்த புல்வெளி வேண்டும். சிமென்ட் தரையும் தார்ச்சாலையும் லைனின் மேல்பூச்சை உரசிக் கெடுத்துவிடும். மேலே மின்கம்பி போகும் இடத்தில் நிற்கவே கூடாது. இன்றைய ராடுகளில் பெரும்பாலானவை கார்பன் இழையால் ஆனவை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். முள் இல்லாவிட்டாலும் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள். வேகமாக வரும் லீடர் முனை கண்ணில் பட்டால் சின்னக் காயமாக இருக்காது.

ரீலில் பல நாள் சுற்றிக் கிடந்த லைன் ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும். நாற்பது அடி அளவுக்கு வெளியே எடுத்து, ஒரு முனையை நண்பரிடம் கொடுத்து இரண்டு பேரும் மெதுவாக இழுத்து நீட்டுங்கள். இந்த இரண்டு நிமிட வேலையைப் பலரும் செய்வதில்லை. சுருண்ட லைனில் தொய்வு தானாகவே இருக்கும். அப்புறம் எந்தப் பயிற்சியும் பலிக்காது. நீட்டிய கையோடு லைனின் முனையிலிருந்து முப்பதாவது அடியில் அழியாத மையால் ஒரு கோடு போட்டுவையுங்கள். தொடக்கத்தில் ராட் நுனிக்கு வெளியே 25 முதல் 30 அடி இருக்கட்டும். பத்துப் பதினைந்து அடியோடு பழகினால் எளிதாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அவ்வளவு குறைந்த லைனில் எடை போதாது, ராட் வளையவே வளையாது, கையில் எதுவும் உணர முடியாது.

பிடி இறுக்கமாக வேண்டாம். கட்டைவிரல் கைப்பிடியின் மேல்பக்கம், நீங்கள் வீச நினைக்கும் திசைக்கு நேர் எதிர்ப்புறமாக இருக்கட்டும். லைனை ராட் கையின் ஆள்காட்டி விரலுக்கும் கைப்பிடிக்கும் நடுவே அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது கைக்கு இப்போதைக்கு வேலை இல்லை. வலது கைக்காரர் என்றால் வலது காலைப் பின்னால் வைத்து, உடலைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி நில்லுங்கள். இப்படி நின்றால்தான் கழுத்து வலிக்காமல் பின்னால் பார்க்க முடியும்.

முதல் பயிற்சியில் ராடை நிமிர்த்தவே வேண்டாம். இடுப்பு உயரத்தில், தரைக்கு இணையாகப் பிடித்துக்கொண்டு வலமும் இடமுமாக வீசுங்கள். நிமிர்த்தி வீசும்போது லைன் தலைக்கு மேலே போய்விடுகிறது, பாதிதான் தெரியும். படுக்கையாக வீசும்போது முழு வீச்சும் கண்முன் நடக்கிறது. வலப்பக்கம் வீசி, சட்டென்று நிறுத்தி, லைனைப் புல்லில் விழவிடுங்கள். அது எப்படி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நேர்கோடாகக் கிடந்தால் சரி. பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தால் ஏதோ தப்பு. பின் ராட் நுனியைப் புல்லுக்கு அருகே வைத்து, தொய்வை எடுத்து, இடப்பக்கம் வீசுங்கள். மறுபடி விழவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவே இப்படி நிறுத்திப் பார்ப்பதால் காத்திருக்கும் அவசரம் இல்லாமல் போகிறது. வீச்சின் வடிவத்தை மட்டும் கவனிக்கலாம். முதல் வாரம் முழுவதும் இதை மட்டுமே செய்யலாம் என்பேன். ஆள் பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் இதைவிட வேகமாகக் கைக்குப் பாடம் ஏற்றும் பயிற்சியை நான் பார்த்ததில்லை.

இந்தப் பயிற்சியில் கற்க வேண்டியது நிறுத்தம். வீச்சில் எல்லாரும் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் லைன் உங்கள் கையை விட்டுப் பறந்து போவது நீங்கள் ராடை நிறுத்தும் அந்த நொடியில்தான். ராட் வளைந்து, இழுபட்டு வருகிறது, கை நிற்கிறது, ராட் நிமிர்கிறது, லைன் அதன் நுனியைத் தாண்டி ஓடுகிறது. மேல்பகுதி முன்னே ஓட, கீழ்ப்பகுதி ராட் நுனியில் நிற்க, இரண்டுக்கும் நடுவே ஒரு கொண்டை ஊசி வடிவம் உண்டாகிறது. அதைத்தான் லூப் என்கிறோம். நிறுத்தாமல் கையைத் தளர்த்திக் கீழே கொண்டுபோனால் லூப் அகன்று, குடை மாதிரி விரிந்து, காற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சரிந்துவிடும்.

நிறுத்தத்துக்கு முன்னால் வரும் வேகம் மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட வேண்டும். வண்ணம் தோய்த்த தூரிகையை எடுத்து, எதிரே உள்ள சுவரில் ஒரே இடத்தில் தெறிக்க விடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே வேகமாக உதறினால் வண்ணம் உங்கள் மேலேயே சிந்தும். மெல்லக் கொண்டுபோய், கடைசியில் ஒரு வெட்டு, அப்புறம் நிற்க வேண்டும். அமெரிக்காவின் ஃப்ளை வீச்சு வீராங்கனை ஜோன் உல்ஃப் இந்த அசைவை இரண்டாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்: முதலில் ராடில் எடை ஏறும்படியான நிதானமான இழுப்பு, கடைசியில் ஒரு சின்னச் சொடுக்கு. அவர் 1960-இல் வீசிய தூரம் 161 அடி. 1951-இல் தூர வீச்சுப் போட்டி ஒன்றில் ஆண்களோடு போட்டியிட்டு வென்றவர். கையின் பலம்தான் எல்லாம் என்று நம்புகிறவர்களிடம் நான் அவரைப் பற்றித்தான் சொல்வேன்.

இரண்டாவது வாரம் ராடை நிமிர்த்தலாம். எடுத்து வைக்கும் வீச்சு என்று இதைச் சொல்வேன். ஒரு பின்வீச்சு, ஒரு முன்வீச்சு, அவ்வளவுதான். லைன் உங்களுக்கு முன்னால் நேராகக் கிடக்க, ராட் நுனி புல்லைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நுனியை இடுப்பு உயரத்தில் வைத்துத் தொடங்குகிறார்கள். அப்போது நுனிக்கும் தரைக்கும் நடுவே லைன் தொங்குகிறது. வீச்சின் முதல் பாதி அந்தத் தொங்கலை எடுப்பதில் போய்விடுகிறது. நுனி தாழ்வாக இருக்க, மெதுவாகத் தூக்குங்கள். முனையில் இருக்கும் குஞ்சம் அசையத் தொடங்கும். அதுதான் அடையாளம். அந்த நேரத்தில் வேகத்தைக் கூட்டி, பின்னாலும் மேலுமாகக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

எங்கே நிறுத்துவது? கடிகார முள்ளை வைத்துச் சொல்வது பழைய வழக்கம். ராட் நேராக நிமிர்ந்து நின்றால் பன்னிரண்டு மணி என்று கொண்டால், முன்னால் பத்து மணி, பின்னால் இரண்டு மணி. தொடங்குபவருக்கு அந்த இரண்டு மணி அபாயம். இரண்டில் நிறுத்த நினைக்கிற கை மூன்றில்தான் போய் நிற்கும். ஒரு மணியில் நிறுத்த நினைத்துக்கொள்ளுங்கள். கை தானாக ஒன்றரைக்குப் போகும், அது போதும். லைன் நீளம் கூடக் கூட இந்த வீச்சின் அளவும் கூட வேண்டும் என்பதால் கடிகாரம் கடைசி வரைக்கும் உதவாது. 30 அடிக்கு உதவும்.

நிறுத்தியதும் தலையைத் திருப்பிப் பாருங்கள். லூப் பின்னால் உருண்டு போகும், விரியும், லைன் நீளும். அது முழுதும் நீண்டு, லீடர் மட்டும் இன்னும் விரிந்துகொண்டிருக்கும் நொடியில் முன்வீச்சைத் தொடங்குங்கள். இதற்கு ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 20 அடிக்கு ஆகும் நேரம் வேறு, 40 அடிக்கு ஆகும் நேரம் வேறு. லைன் நீண்டால் காத்திருப்பும் நீள வேண்டும். கண்ணுக்குத்தான் அது தெரியும். சில நூறு முறை பார்த்துப் பழகிய பின்பு, லைன் நீளும்போது கையில் ஒரு மெல்லிய இழுப்பு வருவதை உணர்வீர்கள். அது வந்துவிட்டால் திரும்பிப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் குறைக்கக் கூடாது.

காத்திருக்கும் நேரத்தில் கை அசையாமல் இருக்க வேண்டும். பொறுமை இல்லாத கை மெல்ல முன்னால் ஊர்ந்து வரும், நமக்கே தெரியாது. அப்படி ஊர்ந்துவிட்டால் முன்வீச்சுக்கு இடம் குறைந்துபோகிறது. குறைந்த இடத்தில் அதே வேகத்தைக் கொடுக்க நாம் வெடுக்கென்று இழுக்கிறோம். ராட் திடீரென்று கூடுதலாக வளைகிறது, நுனி நேர்கோட்டில் போகாமல் குழிந்து போகிறது. லூப்பின் மேல்பகுதி கீழிறங்கிக் கீழ்ப்பகுதியோடு சிக்கி, லீடரில் முடிச்சு விழுகிறது. இதைக் காற்று போட்ட முடிச்சு என்பார்கள். காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, நம் கைதான் போட்டது. அந்த ஒரு சிறு முடிச்சு லீடரின் பலத்தைப் பாதி வரைக்கும் குறைத்துவிடக் கூடியது. ஐந்தாறு வீச்சுக்கு ஒருமுறை லீடரை விரலால் தடவிப் பாருங்கள்.

மணிக்கட்டு தளர்ந்து பின்னால் சாய்வதுதான் அடுத்த பெரிய தொல்லை. இதற்கு ஒரு எளிய வழி: முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, ராடின் அடிமுனையைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அல்லது அகலமான ரப்பர் பட்டையால் அடிமுனையை முன்கையோடு தளர்வாகப் பிணைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு அளவுக்கு மீறினால் உடனே தெரியும். சிலர் இதைக் கேட்டுவிட்டு மணிக்கட்டை மரக்கட்டை ஆக்கிவிடுகிறார்கள். அதுவும் வேண்டாம், கடைசிச் சொடுக்கு மணிக்கட்டில்தான் இருக்கிறது. வரம்புக்குள் அசையட்டும்.

ஜே கேமல், பில் கேமல் என்ற தந்தையும் மகனுமான வீச்சுப் பயிற்சியாளர்கள் நல்ல வீச்சு எல்லாவற்றுக்கும் பொதுவான ஐந்து அடிப்படைகளைத் தொகுத்துச் சொன்னார்கள். தொய்வு இருக்கக் கூடாது. லைன் நீளத்துக்கு ஏற்பக் காத்திருக்க வேண்டும். நீளத்துக்கு ஏற்ப வீச்சின் அளவு மாற வேண்டும். விசையைச் சரியான இடத்தில் சரியான அளவில் சீராகக் கொடுக்க வேண்டும். ராட் நுனி நேர்கோட்டில் போக வேண்டும். உலகெங்கும் பயிற்சியாளர்கள் இந்த ஐந்தை வைத்துத்தான் தப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். வீச்சு கெட்டுப்போகும் நாளில் நீங்களும் முதலில் தொய்வைப் பாருங்கள், அடுத்து காத்திருப்பைப் பாருங்கள். தொடங்குபவரின் தப்பு பெரும்பாலும் இந்த இரண்டில் அகப்பட்டுவிடும்.

பின்னும் முன்னும் நிறுத்தாமல் காற்றிலேயே வீசிக்கொண்டிருப்பது பார்க்க அழகு. எடுத்து வைக்கும் வீச்சு பத்தில் எட்டு முறை நேராக விழும் வரை அதைத் தொடாதீர்கள். தொட்ட பிறகும் மூன்று நான்கு வீச்சோடு நிறுத்தி, லைனைக் கீழே வையுங்கள். பத்து இருபது முறை தொடர்ந்து வீசினால் ஒவ்வொரு வீச்சிலும் சின்னத் தப்பு சேர்ந்துகொண்டே போகும். கை களைத்த பிறகு அந்தத் தப்புத்தான் பழக்கமாகும்.

எவ்வளவு நேரம் பழகுவது? தினமும் பதினைந்து நிமிடம். வாரத்துக்கு ஒருநாள் மூன்று மணி நேரம் பழகுவதைவிட இது எத்தனையோ மடங்கு மேல். கை வலிக்கத் தொடங்கினால் அன்றைக்குப் போதும். வாரத்தில் ஒருநாள் செல்போனை ஒரு கம்பில் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து பத்து வீச்சைப் படமெடுங்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ராட் பின்னால் எங்கே நிற்கிறது என்பது தெரியும். தன் ராட் ஒரு மணியில்தான் நிற்கிறது என்று சத்தியம் செய்தவர்கள், படத்தில் அது தரையைத் தொடப்போவதைப் பார்த்து மௌனமானதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வீச்சு நேரானதும் இலக்கு வையுங்கள். 20, 30, 40 அடியில் மூன்று தட்டுகளோ வளையங்களோ போதும். தூரத்தைவிட இது முக்கியம். ஆற்றில் பெரும்பாலான மீன்கள் 40 அடிக்குள்தான் பிடிபடுகின்றன. அந்தத் தூரத்தில் சாப்பாட்டுத் தட்டளவு இடத்தில் ஃப்ளையை மெல்ல வைக்கத் தெரிந்தவருக்கு மீன் கிடைக்கும். லைன் எப்போதும் ராட் நுனி நிற்கும் திசையில்தான் போகும் என்பதால், முன்வீச்சை இலக்குக்கு நேராக, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்துங்கள். பின்வீச்சு அதற்கு நேர் எதிர்த்திசையில் போயிருக்க வேண்டும்.

இதற்கு மேலே உள்ளதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடது கையில் பத்தடி லைனை வைத்துக்கொண்டு, முன்வீச்சு நின்ற பிறகு விரலைத் தளர்த்தினால் அதுவும் சேர்ந்து ஓடும். நின்ற பிறகுதான் விட வேண்டும். முன்னமே விட்டால் எல்லாம் தொய்ந்துவிடும். பின்னால் மரம் இருக்கும் இடத்தில், லைனைப் பின்னால் பறக்கவிடாமலே முன்னால் உருட்டி வீச உதவும் ரோல் வீச்சுக்கு, லைனின் முனையைத் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும். புல் அப்படிப் பிடிக்காது. கிளிப் உள்ள எழுத்து அட்டை ஒன்றைத் தரையில் வைத்து லீடரை அதில் கவ்வ வைத்தால் தரையிலும் ஓரளவு பழகலாம். பின்வீச்சிலும் முன்வீச்சிலும் இடது கையால் லைனை இழுத்து வீசும் இரட்டை இழுப்பை இந்த ஆண்டு மறந்துவிடுங்கள். தப்பான வீச்சில் அதைச் சேர்த்தால் தப்புத்தான் வேகமாகப் போகும்.

தண்ணீருக்குப் போகும் முதல் நாளில் ஒரு வித்தியாசம் தெரியும். புல்லில் லைன் எளிதாக எழுந்து வரும். தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் இன்னும் மெதுவாகத் தூக்குங்கள், லைன் முழுதும் நீர்ப்பரப்பை விட்டு எழுந்து லீடர் மட்டும் மிச்சம் இருக்கும்போது பின்வீச்சை முடுக்குங்கள். முதல் அரை மணி நேரம் குஞ்சத்தோடேயே வீசுங்கள். பின்னால் கரையில் யாரும் இல்லையா, செடி எவ்வளவு உயரம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஃப்ளையைக் கட்டும்போது, முள்ளின் உட்பக்கம் எதிர்த்திசையில் துருத்தி நிற்கும் சிறு பல்லை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனை விடுவிப்பதும் எளிது, உங்கள் காதிலோ சட்டையிலோ மாட்டினால் கழற்றுவதும் எளிது.